நாயம் இருக்குது, நகல் எங்க?

வா மாப்ள, வா. அந்தக் கயித்துக் கட்டல்ல உக்காரு. நீ வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வர்ற வேகத்தப் பாத்தா நேரா டில்லிக்கே நடந்து போயிருவயாட்ட இருக்குது. "விடமாட்டன், சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போவன்"னு நேத்து டீக்கடையில சத்தம் போட்டயாமா? டீ ஆத்தறவனே ஒரு நிமிசம் கைய நிறுத்திப் போட்டானாம். போ சாமி, யாரு வேண்டாங்கறா. ஆனா தோக்கறதுதான் உன்ற ரோசனைன்னா அதுக்கு எதுக்கு அத்தன தொலவு? ரயில் சார்ஜு தெண்டம். நம்ம சப் கோர்ட்டு வாசப்படியே தாராளமாப் போதும். ஜட்ஜையா உன்ற கட்டைப் பிரிச்சுக்கூடப் பாக்க வேண்டியதில்ல. கட்டுன நாடா கட்டுனபடியே இருக்கும், அப்பீல் போயிரும்.

சிரிக்காத. நாயம் உன்ற பக்கம்ங்கற. இருக்கட்டும். உங்கப்பாரு காலத்துல இருந்து வண்டி போன இட்டேரி அது. நானே அதுல கரும்பு வண்டி ஓட்டியிருக்கறன். பங்காளி கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுனது அக்குறும்புதான். இருந்தாலும் முன்சீப்பு கோர்ட்டுல கேசு போச்சு. நம்ம பக்கத்துல நாயம்னா ரெண்டு அர்த்தம் பாரு. ஒண்ணு நியாயம். இன்னொண்ணு திண்ணையில உக்காந்து பொழுது போக்கப் பேசறது. நீ வெச்சிருக்கறது எந்த நாயம்னு எனக்கு இன்னும் வெளங்கல. எதுக்குக் கேக்கறன்னா, நகல் எங்க?

"என்ன நகல் மாமா"ங்கறயா? போச்சு. இந்தா, உள்ள ஆரு? மாப்ளைக்கு ஒரு சொம்பு மோரு கொண்டாங்க. டில்லிக்குப் போற புள்ள.

தீர்ப்புச் சொன்னது மார்ச்சு 3. இன்னைக்கு 27. முன்சீப்பு கோர்ட்டுத் தீர்ப்பு மேல சப் கோர்ட்டுக்கு அப்பீல் போறதுக்குக் கெடு 30 நாள். 1963ல போட்ட காலவரையறைச் சட்டம். ஹைகோர்ட்டுக்குப் போறவியளுக்கு 90 நாள் குடுத்திருக்குது, உனக்கு அந்தப் பாக்கியம் இல்ல. தீர்ப்புச் சொன்ன நாளைக் கணக்குல சேக்கறதில்ல. அப்படிப் பாத்தாலும் 24 நாள் கரைஞ்சு போச்சு. இந்த 24 நாள்ல நீ பண்ணுனது எனக்கு அத்துபடி. மொத வாரம் கோவத்துல சோறு திங்கல. ரெண்டாவது வாரம் வக்கீல மாத்தலாமா வேண்டாமான்னு ஜோசியங் கேக்கப் போன. மூணாவது வாரம் பங்காளி ஊட்டுக்கே வந்து, "மாரியாத்தா நோம்பி போகட்டும், உக்காந்து பேசி முடிச்சுக்கலாம். 2ஆம் தேதி கருப்பணசாமிக்குக் கெடா வெட்டறோம், குடும்பத்தோட வந்துருங்க"ன்னு சொன்னான்னு நீயே வந்து எங்கிட்டச் சொன்ன. சொல்றப்ப உன்ற மொகத்துல ஒரு பூரிப்பு வேற. அவனைப் பத்தி அப்பறம் வர்றன்.

அப்பீல் மனுவோட தீர்ப்பு நகல் வெக்கோணும், வழக்கமா டிக்ரி நகலும் சேத்து வெப்பாங்க. தீர்ப்பு நகல் இல்லாம அப்பீல் போடறது அருமைக்காரர் இல்லாம முகூர்த்தம் வெச்ச கதை. அந்த நகலுக்கு நீ ஒரு மனுப் போடோணும். மனுப் போட்ட அன்னைல இருந்து நகல் ரெடியாகற வரைக்கும் உள்ள நாளைக் கோர்ட்டே கழிச்சுக் குடுத்துரும். அந்தச் சட்டத்துல 12வது பிரிவு. பெரிய மனசு பாரு. ஆனா மனுப் போட்டாத்தான் அந்த மனசு வேலை செய்யும். டிக்ரி எழுதறதுக்கு ஆபீசுல ஒரு மாசம் ஆச்சுன்னு வெய்யி. நீ மனுப் போடாமக் காத்திருந்தா அந்த மாசம் உன்ற கணக்குலதான் விழும். இத அதே பிரிவுக்குக் கீழ வெளக்கமா எழுதியே வெச்சிருக்கறாங்க. ஆரும் படிக்கறதில்ல, ஜெயிச்சவனோட வக்கீலத் தவர.

நகல் கைக்கு வந்தா அதுல ஒரு சீல் குத்தியிருக்கும். மனுப் போட்ட தேதி, ஸ்டாம்பு கேட்ட தேதி, ஸ்டாம்பு கட்டுன தேதி, ரெடியான தேதி, வாங்கிட்டுப் போன தேதி. ஜோசியக்காரன் ராசிக் கட்டத்தைப் பாக்கறாப்பல அப்பீல் கோர்ட்டு ஆபீசுல அந்தச் சீலத்தான் மொதல்ல பாப்பாங்க. ஸ்டாம்பு கேட்டுப் பலகையில ஒட்டுவாங்க. நீ கட்டாம இருந்தயின்னா மனுவ அடிச்சுப் போடுவாங்க, மறுபடி மொதல்ல இருந்து. ரெடியான தேதிக்கும் நீ போயி வாங்குன தேதிக்கும் நடுவுல எத்தன நாள் போச்சோ அத்தனையும் உன்ற சொந்த நாள். "ரெடியானது எனக்குத் தெரியாதுங்க"ன்னு அழுதா, பலகை எந்தச் செவுத்துல இருக்குதுன்னு காட்டுவாங்க.

அப்பறம் இந்த மே மாசம். கோர்ட்டுக்கு லீவு உட்டா நாளும் லீவுல போயிரும்னு நெனைக்கறவன் நம்மூர்ல பாதிப் பேரு. நாள் லீவுல போகாது மாப்ள. அது காவல் நாயாட்ட முழிச்சிருக்கும். கடைசி நாள் லீவுக்குள்ள விழுந்தா மட்டும் தெறக்கற அன்னைக்கே போட்டுரலாம். அவ்வளவுதான் சலுகை. தெறந்த மறுநாள் போனா நீ விருந்தாளி இல்ல, திருடன்.

நீ கேக்கலாம், இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு. தெரிஞ்சுக்கறதுக்கு நான் ஒரு கெணறு குடுத்தன்.

நெசந்தான். ஒரு பொதுக் கெணத்துல தண்ணி முறைக்காக நானும் அப்பீல் போனவந்தான். எதிர்க்கட்சி ஆருங்கறது இப்பத் தேவையில்ல. 1991 ஆடி மாசம். அப்பீல் நம்பராகி, ரெண்டு வருசம் வாய்தா வாய்தாவா நடந்து, கடைசில வாதத்துக்குன்னு ஒரு நாள் குறிச்சாங்க. அதே வாரம் அந்தியூர்ல குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தை. சந்தைக்கு ஒரு மயிலைக் காளை ஜோடி வந்திருக்குது, அப்படியொரு ஜோடி இனிமே கண்ணுல படாதுன்னு ஒரு ஆளு வந்து சொன்னான். நான் என்ன நெனச்சன், ரெண்டு வருசமா வாய்தா குடுத்த கோர்ட்டு இன்னைக்கு மட்டும் குடுக்காமப் போயிருமான்னு. சந்தைக்குப் போயிட்டன். வக்கீல் வேற கோர்ட்டுல குறுக்கு விசாரணையில நின்னுட்டாரு. டவாலி மூணு தரம் என்ற பேரைக் கூப்புட்டானாம். நான் அந்நேரம் காளைக்குப் பல்லுப் புடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தன். "மேல்முறையீட்டாளர் ஆஜரில்லை, தள்ளுபடி." மூணு வார்த்தை. என்ற ரெண்டு வருசம் மூணு வார்த்தையில முடிஞ்சுது.

சிவில் நடைமுறைச் சட்டத்துல 41வது ஆர்டர், 17வது விதி. வரலைன்னாத் தள்ளுபடி பண்ணலாம். அதுக்கும் ஒரு கடிவாளம் போட்டிருக்கறாங்க. ஆளு வராதப்ப "ஆஜரில்லை"ன்னு மட்டுந்தான் தள்ளோணும், கேசுல சரக்கு இல்லைன்னு உள்ள பூந்து தீர்ப்பு எழுதப்படாது. 2023ல கூட ஒரு ஹைகோர்ட்டு அப்படி எழுதி, சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துப் பண்ணித் திருப்பி அனுப்பிச்சுது. வித்தியாசம் என்னன்னு கேளு. ஆஜராகாமப் போன அப்பீல் மயக்கம் போட்டு உளுந்தது. 30 நாளைக்குள்ள மூஞ்சில தண்ணி தெளிச்சா எந்திருச்சுக்கும். 19வது விதி. சரக்கு இல்லைன்னு போனது செத்தது.

என்ற அப்பீல் மயக்கந்தான் போட்டிருந்துது. ஆனா அது உளுந்ததே எனக்குத் தெரியாது. வக்கீலு குமாஸ்தாகிட்டச் சொன்னாராம், குமாஸ்தா எனக்குக் கார்டு போட்டானாம், கார்டு இன்னும் வந்துக்கிட்டு இருக்குது. என்ற முறைத் தண்ணிய அவிய அடைச்சப்பறந்தான் தெரிஞ்சுது. கணக்குப் பாத்தா 217 நாள் ஓடியிருச்சு. இனி தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, காலவரையறைச் சட்டம் 5வது பிரிவுல. போதுமான காரணம் காட்டோணும். குமாஸ்தா கண்ணை மூடிக்கிட்டு டைப் அடிக்கச் சொன்னான்: "மனுதாரர் மஞ்சள் காமாலை நோயால் பாதிக்கப்பட்டு நாட்டு வைத்தியம் செய்துகொண்டு படுத்த படுக்கையாக இருந்தபடியால்..."

அட, உனக்கும் அதே சொன்னாங்களா? பாத்தயா. அந்த வியாதி கோர்ட்டுக் காம்பவுண்டுக்குள்ளதான் பரவும். ஈரோட்டுச் சந்தைக்கு வர்ற மஞ்சளவிட கோர்ட்டுக் கட்டுக்குள்ள இருக்கற மஞ்சக்காமாலைதான் எடை சாஸ்தின்னு நான் சொல்லுவன். அது ஏன் மஞ்சக்காமாலைன்னு ஆருக்கும் தெரியாது. டாக்டர் சீட்டு வேண்டியதில்ல, கீழாநெல்லி தின்னன்னு சொன்னாப் போச்சு, மாசக்கணக்குலயும் இழுக்கலாம். இத்தன வசதி உள்ள வியாதி வேற எது?

எதிர்க்கட்சி வக்கீல் என்னையக் கூண்டுல ஏத்திப் போட்டாரு. "மஞ்சள் காமாலைக்கு எந்த வைத்தியர்கிட்டப் பாத்தீங்க?"ன்னாரு. குமாஸ்தா எனக்கு மனுவப் படிச்சே காட்டல. நான் வாய் தவறி, "மஞ்சக்காமாலையா? ஆருக்குங்க?"ன்னு கேட்டுப் போட்டன். ஜட்ஜையாவே குனிஞ்சு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே தள்ளுபடி பண்ணுனாரு. நெசத்தச் சொல்லி, "மாடு வாங்கப் போனனுங்க"ன்னு எழுதியிருந்தாலும் தள்ளுபடிதான் ஆகியிருக்கும். ஆனா ஊருக்குள்ள சின்னப் பசங்க என்னைப் பாத்துக் "காமாலை மாமா"ன்னு கூப்புட்டிருக்க மாட்டாங்க.

மோரக் குடி. உப்புப் போதுமா?

அதுக்காகக் கோர்ட்டு கல்லு மனசுன்னு நெனச்சுக்காத. கேட்டா ஆச்சரியப்படுவ. காசுமீர்ல ஒரு நில எடுப்புக் கேசு, வெறும் 4 நாள் லேட்டு. அந்த ஊரு ஹைகோர்ட்டு முடியாதுன்னுருச்சு. 1987ல சுப்ரீம் கோர்ட்டு, ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லுன்னா, அப்பறம் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு நொடிக்கும் கேப்பியாங்கற மாதிரிக் கேட்டு அப்பீல உள்ள எடுத்துக்கச் சொல்லுச்சு. 1998ல நம்ம தமிழ்நாட்டுக் கேசு ஒண்ணு. 883 நாள் லேட்டு, ரெண்டு வருசத்துக்கு மேல. வக்கீல் ஏமாத்திப் போட்டாருன்னு அந்த மனுசன் சொன்னாரு. சும்மா சொல்லல மாப்ள, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போயி அந்த வக்கீல் 50,000 ரூவா நட்டஈடு குடுக்கோணும்னு உத்தரவும் வாங்கி வெச்சிருந்தாரு. சுப்ரீம் கோர்ட்டு, நாள் எத்தனங்கறது இல்ல, சொல்ற காரணம் நம்பறாப்பல இருக்குதாங்கறதுதான் கேள்வின்னு சொல்லி மன்னிச்சுட்டுது. எதிர்க்கட்சிய இழுத்தடிச்சதுக்கு 10,000 ரூவா குடுத்துருன்னுது. அதே கோர்ட்டுதான் 2024ல ஆந்திராவுல இருந்து வந்த நில எடுப்புக் கேசுல, 5659 நாள் லேட்டா வந்த வாரிசுகளைப் போயிட்டு வாங்கன்னுது. 15 வருசத்துக்கும் மேல. அத்தன மஞ்சக்காமாலைக்கு இந்த நாட்டுல கீழாநெல்லி ஏது?

எனக்கு வருத்தம் இல்லாம இல்ல. உள்ள போன கேசு பத்து வருசம் படுத்துக் கெடக்கும், அதுக்கு ஆரும் மன்னிப்பு மனுப் போடறதில்ல. நமக்குக் குடுக்கறது முப்பதே நாளு. இத நான் ஒருக்கா வக்கீலுகிட்டயே கேட்டன். அவரு, "ஜெயிச்சவனும் என்னைக்காவது ஒரு நாள் நிம்மதியாத் தூங்கோணுமில்லீங்களா"ன்னாரு. அப்ப எனக்குக் கோவம் வந்துது. ஏன்னா தூங்குனவன் ஆருன்னு எனக்குத் தெரியும்.

கவருமெண்டு கதை தெரியுமா? முந்தியெல்லாம் சர்க்காரு எத்தன நாள் லேட்டா வந்தாலும், "பைலு ஒரு மேசையில இருந்து இன்னொரு மேசைக்கு நகர நாளாச்சுங்க"ன்னு சொன்னாப் போதும், கதவு தெறந்துக்கும். நமக்குத்தான் காமாலை வேணும், அவியளுக்கு மேசை போதும். 2012ல தீர்ப்பான தபால் இலாகா கேசு ஒண்ணு, 427 நாள் லேட்டு. பெஞ்சுல இருந்தவரு நம்ம பவானிப் பக்கத்துக்காரரு, சதாசிவம் அய்யா. சர்க்காருக்குன்னு தனிச் சட்டம் இல்ல, கம்ப்யூட்டர் வந்தப்பறமும் பைலு நகர்ற கதை எதுக்குன்னு சொல்லித் தள்ளிட்டாரு. அப்பறம் 2020ல மத்தியப் பிரதேச சர்க்காரு 663 நாள் லேட்டு. அந்தத் தீர்ப்புல இருக்கற சூட்சுமத்தக் கேளு. இந்த மாதிரிக் கேசெல்லாம் ஜெயிக்கறதுக்காகப் போடறதே இல்ல, சர்ட்டிபிகேட்டு வாங்கறதுக்காகப் போடறதுன்னு கோர்ட்டே எழுதுச்சு. அதாவது, கோட்டை விட்ட ஆபீசரு, "நாங்க போனோம், சுப்ரீம் கோர்ட்டே தள்ளிருச்சு"ன்னு பைலைக் கட்டி மேல போட ஒரு சர்ட்டிபிகேட்டு. 25,000 ரூவா அபராதம் போட்டு, அதை லேட்டுக்குக் காரணமான ஆபீசருங்ககிட்டயே வசூல் பண்ணச் சொன்னாங்க. நாம கொளத்துக்கு மொகத்தக் கழுவப் போனா, அவிய கைய மட்டும் கழுவிக்கிட்டு வர்றதுக்குப் போறாங்க.

உனக்கும் அந்த மாதிரி சர்ட்டிபிகேட்டு வேணும்னாச் சொல்லு. சிரமமில்ல. டீக்கடையில காட்டிக்கலாம்.

சரி, எப்படியோ 30 நாளைக்குள்ள போட்டயின்னே வெய்யி. அத்தோட தீந்துதுன்னு நெனைக்காத. மொதல்ல எஸ்.ஆர். நம்பர்தான் விழும். அது புள்ளைக்குப் பேரு வெக்கறதுக்கு முந்தி தொட்டில்ல கெடக்கற மாதிரி. அந்தக் காகிதம் இல்ல, இந்தக் கையெழுத்து இல்ல, ஸ்டாம்பு பத்தலைன்னு கட்டைத் திருப்பிக் குடுப்பாங்க, இத்தன நாளைக்குள்ள சரி பண்ணிக் குடுன்னு. அதை உன்ற வக்கீல் ஆபீசு அலமாரியில வெச்சு மறந்துட்டா, திருப்பிப் போட்ட தாமதத்துக்குத் தனியா ஒரு மன்னிப்பு மனு. அப்பீல் தாமதத்துக்கு ஒரு மனு, திருப்பிப் போட்டதுக்கு ஒரு மனு. அப்பன் பொறக்கறதுக்கு முந்தி மகனும் பேரனும் வாசல்ல வந்து நிப்பானுங்க. அதுக்கப்பறம் எதிர்க்கட்சிக்கு நோட்டீசு போகப் பேட்டா கட்டோணும். டீச் செலவு அளவுக்குத்தான் வரும். அதைக் கட்டாம விட்டு, பல லட்ச ரூவாக் காட்ட விட்டவனை நான் பாத்திருக்கறன். பஞ்சாப் சர்க்காரு ஒருக்கா அப்பீலோடக் கூடுதல் நகலுக வெக்கலைன்னே அதைத் தள்ளியிருக்கறாங்க. சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜு கிருஷ்ணய்யர் அய்யா, நடைமுறைங்கறது நீதிக்கு வேலைக்காரி, எசமானியம்மா இல்லைன்னு எழுதி அதைக் காப்பாத்துனாரு. நல்ல வார்த்தைதான். ஆனா அந்த வார்த்தையக் கேக்க சர்க்காரே டில்லி வரைக்கும் போவோணுமாயிருந்துது. நம்ம தாலுக்காவுல வேலைக்காரிதான் சாவிக்கொத்த வெச்சிருக்கறா.

ஆனா மாப்ள, அப்பீலைக் கொல்றதுல இதெல்லாம் சின்ன வித்தை. பெரிய வித்தை சாவுதான். வெளயாட்டுக்குச் சொல்லல.

கேசு நடக்கறப்ப ஒரு கட்சிக்காரன் செத்துட்டான்னா 90 நாளைக்குள்ள வாரிசுகளைச் சேக்கோணும். சேக்கலைன்னா அப்பீல் தன்னால அத்துப் போயிரும். ஜட்ஜு உத்தரவே போட வேண்டாம், டவாலி கூப்புட வேண்டாம், 91வது நாள் காலையில பால் கறக்கற நேரத்துல சத்தமில்லாமச் செத்திருக்கும். அப்பறம் அதை எழுப்ப 60 நாள். அதுவும் போச்சுன்னா திருப்பியும் மன்னிப்பு மனு. நம்மூர்ச் சொத்துல ஒரு கேசுக்கு எதிர்க்கட்சி எத்தன பேரு? அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, செத்த தம்பியோட சம்சாரம், திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போன ரெண்டு பசங்க. ஏழு பேருல ஒருத்தர் செத்தாலும், டிக்ரி பிரிக்க முடியாத ஒரே டிக்ரியா இருந்தா ஏழு பேரு மேலயும் இருந்த அப்பீல் மொத்தமாப் போயிரும். தன்ற கட்சிக்காரரு செத்தத அவிய வக்கீல் கோர்ட்டுக்குச் சொல்லோணும்னு விதி இருக்குது. சொல்லுவாரு. எந்த வாய்தாவுல சொல்றாருங்கறதுதான் சமத்து.

உன்ற கேசுல ரெண்டாவது பிரதிவாதி ஆரு? பங்காளியோட ஆத்தா. வயசு 90க்கு மேல. போன வாரம் ஆசுபத்திரியில இருந்து ஊட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. கெடா வெட்டுக்குக் கூப்புட்டாலும், உனக்கு எழவு சொல்லி உட மாட்டாங்க. அதனால தெனமும் காலையில வேலி ஓரமா நின்னு அந்தம்மா இருமற சத்தம் கேக்குதான்னு காது குடுத்துக் கேளு. கேட்டா உன்ற அப்பீல் உசிரோட இருக்குது. ரெண்டு நாள் கேக்கலைன்னா, அழுவறதுக்கு முந்தி தேதியக் குறிச்சு வெச்சுக்க. சந்தேகம்னா இறப்புப் பதிவப் போயிப் பாரு. அப்பீல் போடறதுக்கு முந்தியே அந்தம்மா போயிட்டாங்கன்னா, செத்தவங்க பேருல அப்பீல் போடாத, வாரிசு பேருல போடு. எமலோகத்துக்கு நோட்டீசு சார்வு பண்ண அமீனா கெடையாது. ஏன் அப்படிப் பாக்கற? அந்தம்மா கையில நான் எத்தன நோம்பிக்குக் கச்சாயம் வாங்கித் தின்னிருக்கறன். நூறு வருசம் இருக்கட்டும். உன்ற அப்பீல் முடியறவரைக்குமாவது இருக்கட்டும்.

"வக்கீல் எல்லாம் பாத்துக்குவாரு"ங்கற. நானும் அப்படித்தான் நெனச்சன். நாட்டுப்புறத்தான் வக்கீல் வெச்சா நம்பி ஊட்டுக்குப் போறதுதான் ஒலகம், வக்கீலுக்கே காவல் நிக்கறது அவன் வேலையில்லைன்னு 1981ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்குது. வக்கீல் வராததுக்குக் கட்சிக்காரனைத் தண்டிக்கப்படாதுன்னு சொல்லி ஒரு அப்பீலுக்கு உசிரும் குடுத்துது. ஆனா அதைக் காட்டித் தப்பிச்சவனை விரல் விட்டு எண்ணலாம். இப்ப அந்தச் சாக்கும் பழசாப் போச்சு, கேசு எங்க நிக்குதுன்னு போன்லயே வருதில்ல. உன்ற பையன் கையில இருபத்து நாலு மணி நேரமும் போனு இருக்குது. அவங்கிட்டக் கேசுக்கு உண்டான 16 எழுத்து நம்பரைக் குடுத்து, கோர்ட்டு ஆப்புல அடுத்த வாய்தா என்னைக்குன்னு பாக்கச் சொல்லு. ரீல்சுக்கு நடுவுல அரை நிமிசம்.

அப்பறம் இன்னொண்ணு. அப்பீல் போட்டதும் பங்காளி கை கட்டிப் போயிரும்னு நெனைக்காத. அப்பீல் வேற, தடை வேற. உன்ற கேசே தள்ளுபடி ஆனதுனால, இடைக்காலத் தடைக்குன்னு கூடவே தனி மனுப் போட்டாத்தான் கம்பி இருக்கற எடத்துல காம்பவுண்டுச் செவுரு வராம இருக்கும்.

இப்பப் பங்காளிகிட்ட வரலாம். கெடா வெட்டு எந்த நாள்னு சொன்ன? ஏப்ரல் 2. விரல் விட்டு எண்ணு. மார்ச்சு 4 ஒண்ணு, 5 ரெண்டு... எண்ணு, எண்ணு, கூச்சப்படாத. என்ன வருது? முப்பது. சரியா முப்பதாவது நாள். காலையில அஞ்சு மணிக்கு வேனு, கருப்பணசாமி கோயில்ல பொங்கலு, மத்தியானம் தலைக்கறி, சாயந்தரம் உருமி மேளம், ராத்திரி பத்து மணிக்கு ஊடு. கோர்ட்டு ஆபீசு சாயந்தரமே பூட்டிருவாங்க. பாவம், மனுசன் எத்தன அன்பாக் கூப்புட்டிருக்கறான். "பேசி முடிச்சுக்கலாம்"ங்கறதுல பொய் இல்ல மாப்ள. 3ஆம் தேதி காலையில பேசறதுக்கு ஒண்ணுமே மிச்சமிருக்காது.

எனக்கு எப்படி இது பட்டுன்னு புரியுதுன்னு பாக்கறயா? அந்தியூர்ச் சந்தைக்கு மயிலை ஜோடி வந்திருக்குதுன்னு எங்கிட்ட ஒரு ஆளு வந்து சொன்னான்னு சொன்னனே. அந்த ஆளை அனுப்பிச்சது எதிர்க்கட்சிதான். எதிர்க்கட்சி ஆருன்னா, உங்கய்யன். ஆமா, என்ற கூடப் பொறந்தவளைக் கட்டுன மச்சான். நீ இன்னைக்கு மோட்டார் போட்டுத் தென்னைக்குப் பாய்ச்சற கெணத்துல பாதி என்றது. உங்காத்தா ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு அழுதது எனக்குத்தான் தெரியும். உங்கய்யன் சாகறதுக்கு ஒரு மாசம் முந்தி இதே கட்டல்ல உக்காந்து, "மச்சான், அந்த மாட்டுச் சங்கதி நான் சொல்லி அனுப்பிச்சதுதான்"னு ஒத்துக்கிட்டாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அவரு கொஞ்சம் சாஸ்தியாச் சிரிச்சாரு. பொய் சொல்லப்படாது, அந்த ஜோடி நல்ல ஜோடிதான். பதினோரு வருசம் உழுதுது.

என்ன, மோரு தொண்டையில நிக்குதா? அது அந்தக் கெணத்துத் தண்ணி இல்ல, குடி.

நாளைக்குக் காலையில ஏழு நாப்பது பஸ்ஸப் புடி. நகல் மனுவப் போட்டுட்டயின்னா நாள் அங்கயே நின்னுக்கும், ரெடியானதுக்கு அப்பறம் கையில ஆறு நாள் இருக்கும். ஸ்டாம்பு கேட்டு ஒட்டறாங்களான்னு தெனம் ஒருக்காப் பலகையப் பாத்துட்டு வா. 2ஆம் தேதி கெடா வெட்டுக்குத் தாராளமாப் போ, நல்லி எலும்பாப் பாத்துத் தின்னு, பங்காளி கேட்டா "பேசி முடிச்சுக்கலாம்"னே சொல்லு. வர்றப்பத் தலைக்கறி ஒரு தூக்குப்போசியில எனக்கும் வாங்கிட்டு வா. காமாலைக்காரனுக்குக் கறி ஆகாதும்பான். உடாத.